அன்று நான் சொன்ன காரணம்

"சார், நீங்கள் சொன்ன காரணம் போய்விட்டது. வேறு காரணம் இருக்கிறதா?" என்று என்னிடம் சீன மொழி படித்த ஒரு மாணவி 2020 ஆகஸ்டில் தொலைபேசியில் கேட்டபோது, "பொறுத்துப் பார்ப்போம் அம்மா" என்று மட்டும்தான் சொன்னேன். என்னிடம் வேறு காரணம் இருந்தது.

முந்தைய ஆண்டு சேர்க்கையின்போது, தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்கு வந்து சீனம் படித்து என்ன பயன் என்று அவளுடைய அப்பா கேட்டார். சீனக் கைபேசி நிறுவனங்களின் ஆலைகளுக்கு மொழிபெயர்ப்பாளர்கள் தேவைப்பட்ட காலம் அது; அதைச் சொன்னேன். பொய் சொல்லவில்லை. ஆனால் 2020 ஜூனில் இந்திய, சீனப் படைகளுக்கிடையே கல்வான் மோதல் நடந்தது. அம்மாத இறுதியில் 59 சீனச் செயலிகள் தடைசெய்யப்பட்டன. வரைவில் அயல்மொழிகளிடையே இருந்த சீன மொழியின் பெயர், ஜூலையில் வெளியான தேசியக் கல்விக் கொள்கையில் இல்லை. அவள் வேறு பாடத்துக்கு மாறிவிட்டாள்.

நான் இம்மொழிக்கு வந்தது சம்பளத்துக்காக அன்று. இலங்கையின் காலி நகரில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டுக்காக. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹவின் கப்பற்படை அங்கே கொண்டுவந்த, 1409 ஆம் ஆண்டுத் தேதியிட்ட அக்கல்லில், சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி கோயில் தெய்வமான தேனாவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும் போற்றுகின்றன. காணிக்கைப் பட்டியலோ மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே. தமிழ் மட்டும் அறிந்தவர் அதில் ஒரு கோயில் கொடையைத்தான் காண்பார். ஒரே கல்லில் மூவரிடம் மூன்று விதமாகப் பேசிய ஓர் அரசு, மற்றவற்றையும் படிப்பவருக்கே தென்படும். 1015 இல் முத்துகளோடு வந்த சோழத் தூதர்களைச் சீனத்தின் சொங் வம்ச வரலாற்று நூல் பதிவு செய்திருக்கிறது. நம்மைப் பற்றிய அந்த வரிகளை நாம் ஏன் பிறர் மொழிபெயர்ப்பில் படிக்க வேண்டும்?

கடன் வாங்கிக் கட்டணம் கட்ட வந்த ஒருவரிடம் கல்வெட்டைப் பற்றிப் பேசுவது முறையா என்று அன்று தயங்கினேன். அத்தயக்கம் தவறென்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் கேட்டவர் அப்பா என்றாலும், பக்கத்தில் அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். அக்கல்லைச் செதுக்கியவர்கள் மூவருக்கும் மூன்று பாடம் எழுதினார்கள். நான் அவருக்கு எழுதியதோடு நிறுத்திக்கொண்டேன். சொல்லியிருந்தால் மட்டும் அவள் தங்கியிருப்பாளா? வேலை இல்லாத ஊரில் கல்வெட்டு சோறு போடுமா என்று அவள் திருப்பிக் கேட்டிருந்தால் என்னிடம் என்ன விடை இருந்திருக்கும்?

இவ்வாண்டு சேர்க்கைக்கு வந்த ஒரு மாணவனிடம் அக்கல்லின் படத்தைக் காட்டினேன். அவன் வெகுநேரம் பார்த்தான். அவனுடைய அம்மா சம்பளம் எவ்வளவு வரும் என்று கேட்டார். படத்தை மேசையிலிருந்து எடுக்காமலே அதையும் சொன்னேன்.