ஸ்டெப்னி எங்கடா?

ஞாயிற்றுக்கிழமை பழனியில் தங்கச்சி மகனுக்கு மொட்டையும் காதுகுத்தும். மடியில் உட்கார வைக்க வேண்டிய தாய்மாமன் நான். உடுமலைப்பேட்டை தாண்டி இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, மீட்டரில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. குதிரை லாடத்துக்குள் ஆச்சரியக்குறி, டயரில் காற்று குறைந்தால் எரிவது. அந்த லாடத்தை வண்டி வாங்கிய இந்த 14 மாதத்தில் மூன்றாவது முறையாகப் பார்க்கிறேன். இனி அது எனக்குக் குலதெய்வம் மாதிரி.

"என்னடா லைட்டு அது?" முன்சீட்டில் அப்பா.

"ஒண்ணுமில்லீங்கப்பா, ஏசி."

பொய் சொல்லக் காரணம் உண்டு. இந்த வண்டியை எடுத்த அன்றைக்கே டிக்கியைத் திறந்து, கம்பளத்தைத் தூக்கி, அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஸ்டெப்னி எங்கடா?" ஸ்டெப்னி இருக்க வேண்டிய பள்ளத்தில் பேட்டரி உட்கார்ந்திருந்தது. வண்டியை விற்ற கடைப் பையன் சிரித்துக்கொண்டே, "இது ரன்ஃப்ளாட் டயர் சார், காத்தே இல்லாம 80 கிலோமீட்டர் ஓடும், ஸ்டெப்னியே வேண்டாம்" என்றான். அப்பா அவனை மேலும் கீழும் பார்த்தார். அம்பாசடர் ஓட்டிய காலத்தில் கோயம்புத்தூரிலிருந்து சத்தி போகவே இரண்டு ஸ்டெப்னி போட்டுக்கொண்டு போன மனிதர்.

எட்டு வருடம் ஓடிய ஜெர்மன் கார், புது மாருதி விலைக்குக் கிடைக்கிறதென்றால் யாருக்குத்தான் சபலம் வராது? மச்சான் சொன்னான், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், என் தலையெழுத்தும் சொல்லியிருக்கும் போல. டயர் நான்கும் கருகருவென்று மின்னின. பாலிஷ் போட்டால் எனக்கும்தான் முகம் மின்னும் என்பது அப்போது தோன்றவில்லை.

வாங்கி இரண்டாவது மாதம், எங்கள் கோயம்புத்தூர் சிங்காநல்லூர் பக்கம் தோண்டி, மூடி, மறுபடி தோண்டியிருந்த ஒரு குழி. பெரிய குழிகூட இல்லை. ஸ்கூட்டிக்காரம்மா ஒருவர் அதே குழியில் இறங்கி ஏறி, காய்கறிப்பை கூட ஆடாமல் போனார். எனக்கு 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுநாள் காலையில் முன்டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். டயர்க்கடைக்காரர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே நூல் அறுந்துவிட்டது, காற்று வெளி ரப்பரைத் தள்ளுகிறது, எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும், ஒட்ட முடியாது என்று டாக்டர் மாதிரி வரிசையாகச் சொன்னார். வாரண்டி? "அடிபட்டதுக்கு வாரண்டி வராதுங்க சார், ரோட்டைத்தான் கேக்கணும்." 24,000 ரூபாய். ஒரு டயருக்கு. எங்கள் வீட்டில் வாஷிங் மெஷினே அதைவிடக் குறைவு, அதுவும் 11 வருடமாக ஓடுகிறது.

ஐந்தாவது மாதம் இன்னொரு முன்டயர். அதே வீக்கம், அதே டார்ச், அதே 24,000.

அன்றைக்குத்தான் விஷயம் புரிந்தது. காற்று போனாலும் வண்டியைத் தாங்க வேண்டும் என்று இந்த டயரின் பக்கச்சுவரைக் கெட்டியாகச் செய்துவிடுகிறார்கள். சாதா டயர் குழியில் விழுந்தால் கொஞ்சம் மடிந்து கொடுத்து எழுந்துவிடும். இது நான்கு விரல் உயரம்தான், அதிலும் வளையாது, எங்கள் பெரியப்பா மாதிரி விறைத்துக்கொண்டு நின்று உடைந்துதான் போகும். அகலம் முன்னால் 225 மில்லிமீட்டர், பின்னால் 255 என்று இரண்டு அளவு வேறு, முன்னது பின்னது மாற்றிப் போட்டு ஆயுளை நீட்டவும் வழியில்லை. வழவழ நெடுஞ்சாலையில் 200-ல் போகிறவர்களுக்குச் செய்ததை நான் பேச்சுவார்த்தை நடத்தித் தள்ளுபடி விலையில் வாங்கி சிங்காநல்லூரில் ஓட்டுகிறேன், தப்பு யார் மேல்?

சரி, பழனிக்கு வருகிறேன். இந்த முறை பின்டயர். காற்று பூஜ்யம், ஆனால் வண்டி என்னவோ ஒன்றும் நடக்காத மாதிரிதான் போகிறது, அதை மெச்சத்தான் வேண்டும். 80-க்கு மேல் வேகம் கூடாது, 80 கிலோமீட்டருக்கு மேல் தூரம் கூடாது. பழனிக்கு இன்னும் 33. போய்விடலாம். ஆனால் அங்கிருந்து வீட்டுக்கு 110 கிலோமீட்டர், மிச்சம் இருப்பதோ 47. கணக்குப் போட்டபடியே 60-ல் உருட்டினேன். மடத்துக்குளத்தில் ஒரு டிராக்டர் என்னை ஓவர்டேக் செய்தது. அப்பா அந்த டிராக்டரைப் பார்த்தார், மஞ்சள் விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

ஆசாரி காது குத்தியபோது மருமகன் கத்தினான், எனக்கும் கண் கலங்கியது. தாய்மாமனுக்கு எவ்வளவு பாசம் என்று சம்பந்தி வீட்டம்மா நெகிழ்ந்துபோனார். நான் 24,000-ஐ நினைத்துக்கொண்டிருந்தேன்.

விருந்து முடிந்து அடிவாரத்தில் ஒரு பஞ்சர் கடை. ரிம்மிலிருந்து டயரைக் கழற்ற இரண்டு பையன்கள் லிவர் மேல் ஏறி நின்று குதித்தார்கள். ஒருவழியாக வாய் பிளந்ததும் கடைக்கார அண்ணன் உள்ளே கைவிட்டு ஒரு பிடி கறுப்புத் தூளை எடுத்துக் காட்டினார், சுக்குப்பொடி அரைத்த மாதிரி. காற்றில்லாமல் ஓட்டியதில் பக்கச்சுவர் உள்ளுக்குள்ளேயே அரைந்து போயிருக்கிறது. ஓட்டை என்னவோ ஒரு லாட ஆணி அளவுதான்.

"ஒட்ட முடியாதாங்கண்ணா?"

"இதை ஒட்டணும்னா மேல இருக்கறவரைத்தான் கேக்கணும்" என்று மலையைக் காட்டினார். அப்புறம் டயரைத் திருப்பி, ஓரத்தில் நீள்வட்டத்துக்குள் இருந்த நான்கு எண்ணைத் துடைத்துக் காட்டினார். 3616. 2016-ல் 36-வது வாரம் செய்தது. "ரப்பர் செத்துப்போச்சுங்க, எப்படியும் போயிருக்கும்." பக்கத்தில் சந்தனம் பூசிய மொட்டையோடு ஐஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த மருமகனைப் பார்த்தார். "இந்தத் தம்பியவிட டயரு மூத்தது."

அந்த அளவு டயர் பழனியில் இல்லை. உடுமலையில் இல்லை. பொள்ளாச்சியில் ஒருவர், "என்ன அளவு சொன்னீங்க?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு வைத்தார். அப்பா இதற்குள் கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, ஸ்டெப்னி என்ற பேரே ஒரு தெருப் பேர் என்று அந்தப் பையன்களுக்கு வகுப்பெடுக்கத் தொடங்கியிருந்தார். வேல்ஸ் பக்கம் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெருவில் 1904-ல் உபரிச் சக்கரம் செய்து விற்றார்களாம், அதற்கு முன்னால் காரில் அதெல்லாம் கிடையாதாம். "நூறு வருஷத்துக்கு முன்னாடியே கண்டுபிடிச்சதை இப்ப தூக்கிப் போட்டுட்டு புதுசுங்கறான்." என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. டயரைப் பார்த்துத்தான் சொன்னார்.

கடைசியில் ரெக்கவரி வண்டி. 7,500. மனைவியும் அம்மாவும் தங்கச்சி வேனில் போய்விட்டார்கள். போகும்போது மனைவி வேன் கண்ணாடி வழியாகப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. காரை வின்ச் போட்டு இழுத்து மேலே ஏற்றியபோது மருமகன் மட்டும் கைதட்டினான்.

லாரிக் கேபினில் டிரைவர், நடுவில் அப்பா, ஓரத்தில் நான். வெட்கத்தில் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன். பொள்ளாச்சி தாண்டும்போது டிரைவர் பேச்சுக் கொடுத்தார், "பெரிய வண்டிங்களாட்டம் இருக்குது?"

"ஆமாங்க. பையன் எடுத்தது. ஆறு ஏர்பேக் இருக்குதுங்க. பின்சக்கரந்தான் இழுக்குமுங்க, மத்ததுல பெரும்பாலும் முன்சக்கரம். சீட்டு நம்ம உசரத்த ஞாபகம் வெச்சுக்குமாமா. எனக்கு முட்டி வலிங்க, அதுக்குன்னு கதவத் தொறந்தா சீட்டத் தள்ளி வெச்சிருப்பான்."

எல்லாம் நான் சொன்னதுதான். அப்போதெல்லாம் அவர் ஜன்னலுக்கு வெளியே தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"அப்படீங்களா" என்றார் டிரைவர்.

"ஸ்டெப்னி மட்டும் இல்லீங்க" என்றார் அப்பா.