உப்பு எங்கிருந்து வந்துச்சு?

20 வருஷம் முன்னாடி பாங்காக்ல ஒரு ரிசர்ச் ஆபீஸ்ல சர்வே வேலைக்குச் சேர்ந்த புதுசுல, தாய்லாந்தோட வடகிழக்குப் பகுதியான இசான்ல கோன் கேன் பக்கம் ஒரு ஊருக்கு அனுப்புனாங்க. கையில 14 பக்க ஃபார்ம், கூட மொழிபெயர்க்க ஒரு காலேஜ் பொண்ணு. தூண் மேல நிக்குற மரவீடு, மேல பாய் விரிச்சு ஒரு பாட்டி, அங்க யாய்னு கூப்பிடுவாங்க. உங்க சின்ன வயசுல வீட்டு மாச வருமானம் எவ்வளவுன்னு கேட்டேன். காசெல்லாம் ஏதுன்னாங்க. பூஜ்யம்னு எழுதிட்டு அடுத்த வீடு போயிட்டேன். சாயங்காலத்துக்குள்ள ஆறு வீடு, ஆறு பூஜ்யம்.

அன்னிக்கு ராத்திரிதான் சத்திப் நாட்சுபா எழுதினத ஒழுங்கா படிச்சேன். 1941ல பொறந்தவர், பாங்காக்ல சுலாலங்கோன் யூனிவர்சிட்டில எகனாமிக்ஸ் புரொபசரா இருந்தவர். தாய்லாந்து பொருளாதார வரலாறுன்னா 1855ல பிரிட்டனோட போட்ட பௌரிங் வணிக ஒப்பந்தம், அதுக்கப்புறம் அரிசி ஏற்றுமதின்னு ஆரம்பிப்பாங்க. இவர் ஊர் ஊரா போய் வயசானவங்க பக்கத்துல உக்காந்து அவங்க வாயால கேட்டத வச்சு 1984ல கிராமத்தப் பத்தி புத்தகம் போட்டார். அரசு வரியும் கட்டாய ஊழியமும் வாங்கிட்டுப் போச்சு, ஆனா உள்ளடங்கின ஊருங்க ரொம்ப காலம் தன் நெல்லு தன் துணின்னு சேர்ந்து நின்னுச்சுன்றதுதான் அவர் வாதம்.

மறுநாள் யாய் கிட்டயே திரும்பப் போய், உப்பு எங்கிருந்து வந்துச்சுன்னு மட்டும் கேட்டேன். ரெண்டு மணி நேரம் நிறுத்தல. கோடைல வயல்ல வெள்ளையா பூக்குற உப்பு மண்ண சுரண்டி, குடைஞ்ச மரத்துல போட்டு தண்ணி ஊத்தி, கீழ வடியுறத காய்ச்சுவாங்களாம். அந்த உப்பு, ஆத்து மீன், தவிடு எல்லாம் ஜாடில அடைச்சு புளிக்க வச்சா பிளா ரான்ற மீன் ஊறல், வருஷத்துக்கும் வரும். பேசிக்கிட்டே எழுந்து போய் ஒரு ஜாடி மூடிய திறந்து காட்டினாங்க, அந்த வாசன இன்னும் எனக்கு மறக்கல.

இன்னொன்னும் சொன்னாங்க, அவங்க பாட்டி காலத்துல பர்மா பக்கத்துல இருந்து குலா வியாபாரிங்க துணி சுமந்துட்டு வருவாங்களாம். அப்போ ஊரு முழுசா தனியாவும் இல்ல. கேத்தரின் போவின்ற அமெரிக்க மானுடவியலாளர் 1992ல இதத்தான் கேட்டார், வட தாய்லாந்துல ஏழைங்க நிறைய பேர் துணிய விலைக்கு வாங்கினாங்க, தன்னிறைவுன்னு சொல்றது சரியான்னு. அவரும் கிழவங்க கிட்ட கேட்டுத்தான் எழுதினார். எனக்கு போவி சொல்றது நியாயமாத்தான் படுது, ஆனா அந்த சண்டைக்கு கிராமத்து ஆளுங்க சொன்னத சாட்சியா கொண்டு வந்ததுல சத்திப்புக்கு பெரிய பங்கு உண்டு.

மத்த அஞ்சு வீட்டுலயும் இதையே கேட்டுட்டு, ஆறு ஃபார்ம்லயும் பூஜ்யத்த அடிச்சுட்டு உப்பு, மீன், நூல்னு எழுதி அனுப்பினேன். இதுக்கு கோட் நம்பர் இல்லன்னு ஆபீஸ்ல திருப்பி அனுப்பிட்டாங்க. மாத்தாம அப்படியே மறுபடியும் அனுப்பினேன்.