காலி டின்னில் ஒரு வெயில் பெட்டி

குளிர் நாடுகளில் காலி பான டின்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, கறுப்படித்து, கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வைத்து வீட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். வெளியே பனி கிடந்தாலும் வெயில் அடித்தால் போதும், டின்னுக்குள் ஓடும் காற்று சூடாகி அறைக்குள் வரும். மின்விசிறி இல்லாமல் உட்கார முடியாத பினாங்கு ஆயர் ஈத்தாமில் நான் அதே பெட்டியைக் கட்டி வைத்திருக்கிறேன். மிளகாய் காயவைக்கத்தான்.

பினாங்கில் தீபாவளிக்கு வீட்டுக் கறித்தூள் அரைப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். வருஷத்திலேயே மழை அதிகம் பெய்வது செப்டம்பரிலும் அக்டோபரிலும். மிளகாயும் மல்லியும் மொறுமொறுவென்று காய்ந்தால்தான் மில்லில் நன்றாக அரைபடும். ஈரம் நின்றால் தூள் கட்டி பிடிக்கும். காலையில் முறத்தில் பரப்பினால் பத்து மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும். மதியச் சாப்பாடு முடிவதற்குள் கொடிமலைப் பக்கம் இருட்டிவிடும். அப்புறம் எடுத்து உள்ளே வை, மறுநாள் மறுபடி பரப்பு. இப்படி நாலைந்து நாள் இழுத்தால் மேலே பளபளவென்று இருக்கும் மிளகாயைக் கிள்ளிப் பார்த்தால் காம்புப் பக்கம் சாம்பல் பூத்திருக்கும். அந்தப் பூஞ்சைகளில் சில, அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது கல்லீரலைக் கெடுக்கும், சமைத்தாலும் முழுதாகப் போகாது. அதனால்தான் இந்த விஷயத்தில் நான் இவ்வளவு மெனக்கெடுகிறேன்.

நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. சிக்கல் காற்றில் இருக்கிறது. 30 டிகிரி சூட்டில் 80 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் காற்று, வயிறு முட்டச் சாப்பிட்டவர் மாதிரி. மிளகாயிலிருந்து இன்னொரு வாய்த் தண்ணீரை வாங்கிக்கொள்ள அதில் இடமில்லை. அதே காற்றை, தண்ணீர் எதுவும் சேர்க்காமல் 50 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 28 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். காற்றில் உள்ள நீராவி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் சூடான காற்றால் இன்னும் எவ்வளவோ ஏற்றுக்கொள்ள முடியும். அந்தக் காற்று மிளகாய்மேல் பட்டு, ஈரத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். இந்தப் பெட்டியின் வேலை அவ்வளவுதான்.

யோசனை பழையது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எட்வர்ட் மோர்ஸ் என்பவர் 1881-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கினார். கண்ணாடிக்குப் பின்னால் கறுப்பு நிறப் பலகைக் கல், மேலும் கீழும் காற்றுக்கு வழி. அந்தக் கல் இருந்த இடத்துக்கு இன்று டின் வந்திருக்கிறது.

டின் எனக்குத் தைப்பூசத்தில் கிடைத்தது. தண்ணீர்மலைக்குப் போகும் பாதை முழுக்கத் தண்ணீர்ப்பந்தல்கள். குப்பைப் பைகளில் நசுங்காத டின்களாகப் பார்த்து எடுத்துவைக்கச் சொல்லி, எங்கள் தாமான் (குடியிருப்பு) இளைஞர்கள் நின்ற பந்தலில் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தேன். அலுமினியம்தான் வேண்டும், வெப்பத்தை நன்றாகக் கடத்தும், துருப்பிடிக்காது. காப்பி வரும் டின்களில் சில இரும்பு. ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், ஒட்டினால் தள்ளிவிடுங்கள்.

கட்டுவதற்கு முன் கண்ணாடியைத் தேடுங்கள். இதைத்தான் எல்லாரிடமும் முதலில் சொல்கிறேன். சாதாரண ஜன்னல் கண்ணாடி இங்கே ஆகாது, ஏனென்றால் கொதித்துக்கொண்டிருக்கும் கண்ணாடிமேல் திடீரென்று நம் ஊர் மழை கொட்டினால் விரிசல் விழும். டெம்பர்டு கண்ணாடி அதைத் தாங்கும். ஆனால் டெம்பர்டு கண்ணாடியை வெட்ட முடியாது, வெட்டப்போனால் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். ஆக, கிடைத்த கண்ணாடியின் அளவுதான் பெட்டியின் அளவு. யாரோ தூக்கிப்போட்ட வரவேற்பறை மேஜையிலிருந்து எனக்கு 100 சென்டிமீட்டருக்கு 70 சென்டிமீட்டர் கண்ணாடி கிடைத்தது. அதற்குள் ஏழு டின் உயரத்தில் பத்து வரிசை அடங்கியது. மொத்தம் 70 டின். மேலேயும் கீழேயும் காற்று சேர்ந்து பிரிய ஒரு சாண் அகலத்துக்குள் இடம் விட்டேன்.

ஒவ்வொரு டின்னிலும் மேல் மூடியைத் திறப்பானால் எடுத்துவிட்டு, அடியில் பெரிய ஓட்டை போட வேண்டும். விளிம்பு சவரக்கத்தி மாதிரி வெட்டும், தடித்த கையுறை இல்லாமல் தொடாதீர்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். ஒட்டுவதற்கு மோட்டார் கடையில் கேஸ்கெட்டுக்கு விற்கும் சிவப்புச் சிலிக்கன். வெளிப்பக்கம் மட்டும் மோட்டார்சைக்கிள் புகைக்குழாய்க்கு அடிக்கும் மங்கல் கறுப்பு ஸ்பிரே. உள்ளே ஒரு சொட்டும் படக்கூடாது, உணவுக்குப் போகும் காற்று அந்த வழியாகத்தான் ஓடுகிறது. பெயிண்ட் வாடை முழுதாக அடங்கும்வரை வெறும் பெட்டியை வெயிலில் விட்டுவைத்தேன்.

பெட்டியின் முதுகுக்கு மீன் வரும் பொலிஸ்டைரின் பெட்டியை வெட்டி வைக்கலாம் என்று பலர் சொல்வார்கள். வேண்டாம். காற்று ஓடாமல் உச்சி வெயிலில் நின்றால் உள்ளே 90 டிகிரியைத் தொடும், பொலிஸ்டைரின் இளகிவிடும். வீடு இடித்துக் கட்டும் இடத்தில் மிஞ்சிய பாறைப்பஞ்சு, அதாவது ராக்வூல், இரண்டு துண்டு கேட்டு வாங்கி, துகள் பறக்காதபடி அலுமினியத் தாளால் முழுக்கச் சுற்றி வைத்தேன்.

அடுத்தது சாய்வு. குளிர் நாட்டுப் படங்களில் இந்தப் பெட்டி கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கும், அங்கே பனிக்காலச் சூரியன் தாழ்வாக வரும். பினாங்கு நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்தரை டிகிரிக்குள் இருக்கிறது, சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலேதான். மழைத்தண்ணீர் வழிந்தோட 15 டிகிரி சாய்வு போதும். செப்டம்பர் கடைசி முதல் மார்ச் வரை சூரியன் தெற்கே சாய்ந்து வருவதால் தெற்குப் பார்த்து வைக்கலாம். நான் தென்கிழக்காகத் திருப்பியிருக்கிறேன், காலை வெயிலைத்தான் நம்ப முடியும் என்பதால்.

ஆனால் இப்படிப் படுத்துக் கிடக்கும் பெட்டியில் சூடான காற்று தானாக மேலே ஏறுவது ரொம்பக் குறைவு. அங்கேதான் விசிறி வருகிறது. பழைய கணினியில் இருந்த 12 வோல்ட் விசிறியைக் கீழே, காற்று நுழையும் வாயில் வைத்தேன். மேலே வைத்தால் சூட்டில் அதன் ஆயுள் குறையும். மின்சாரம் 10 வாட் சூரியத் தகட்டிலிருந்து நேராக வருகிறது, நடுவில் பேட்டரி கிடையாது. வெயில் ஏறினால் விசிறி வேகமாகச் சுற்றும், மேகம் மறைத்தால் தானே தளரும். எனக்கு இந்தப் பெட்டியில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

மேல்பக்கத்தை மூடுவதற்கு முன் விசிறியை ஓடவிட்டு, ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி பத்து வரிசை வாயிலும் காட்டிப் பாருங்கள். நடு வரிசைகளில் புகை சர்ரென்று மேலே போகும், ஓரத்து வரிசைகளில் சும்மா சுருண்டு நிற்கும். விசிறிக்கு எதிரே ஒரு அலுமினியத் துண்டைக் கூரை மாதிரி மடித்து வைத்தால் காற்று இரண்டு பக்கமும் பிரியும். எல்லா வாயிலும் புகை ஒரே மாதிரி எழும்பும்வரை அந்தத் துண்டை நகர்த்திக்கொண்டே இருக்கலாம்.

இந்தப் பெட்டி கட்டுபவர்கள் பெரும்பாலும் வெளியே வரும் காற்று எத்தனை டிகிரி என்றுதான் கேட்பார்கள். காற்றைக் குறைத்தால் யார் வேண்டுமானாலும் 75, 80 காட்டலாம். அந்த வெப்பத்தில் மிளகாய்த் தோல் மட்டும் இறுகி, உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும், நிறமும் கறுக்கும். வெளியே 32 டிகிரி இருக்கும்போது என் பெட்டியில் 50 முதல் 55 வருகிறது. மிளகாய்க்கு அது சரி. கறிவேப்பிலைக்கும் முருங்கை இலைக்கும் அதுவே அதிகம். அவற்றுக்கு, தட்டுகள் இருக்கும் அலமாரியின் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து 40-க்கு இறக்குகிறேன். காற்று நகர வேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பெரிய அதிசயத்தையும் எதிர்பார்க்க வேண்டாம். நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டரில் 1000 வாட் அளவுக்கு விழும். என் கண்ணாடி 0.7 சதுர மீட்டர், அதில் பாதி காற்றில் சேர்ந்தாலே நல்ல வேலை, அதாவது 350 வாட். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கக் கிட்டத்தட்ட 0.7 யூனிட் வெப்பம் வேண்டும், அதாவது 700 வாட் ஒரு மணி நேரம். கணக்குப்படி மணிக்கு அரைக் கிலோ தண்ணீர் போகலாம், நடப்பில் அதில் பாதிகூடப் போகாது. பச்சையாக வாங்கிய மிளகாய் ஒரு கிலோவில் 800 கிராமுக்குமேல் தண்ணீர்தான். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள்.

மிளகாய் இருப்பது கம்பிவலை போட்ட பழைய சாப்பாட்டு அலமாரியில். பக்கவாட்டு வலையை மூடிவிட்டு, கீழே சூட்டுக் காற்று நுழையவும் உச்சியில் வெளியேறவும் மட்டும் வழி விட்டேன். தட்டுக்குத் துத்தநாகம் பூசிய வலை வேண்டாம், மோர் மிளகாயின் புளிப்பும் உப்பும் அதை அரித்து உணவில் சேர்த்துவிடும். மூங்கில் தட்டு அல்லது எவர்சில்வர் வலை.

காய்ந்ததா என்று அம்மாதான் சொல்வார். ஒரு மிளகாயை எடுத்துக் காதருகே குலுக்குவார். விதை கலகலவென்று ஆட வேண்டும். பிறகு காம்பை ஒடிப்பார், டக்கென்று முறிய வேண்டும், வளைந்தால் திரும்பத் தட்டுக்கே. "இன்னும் ஒரு வெயில் போகணும்மா" என்று சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. வெப்பமானியைவிட அந்தக் காதைத்தான் நான் நம்புகிறேன்.

சாயங்காலம் வெயில் இறங்கியதும் தட்டுகளை உள்ளே எடுத்துவிட வேண்டும், ராத்திரிக் காற்றின் ஈரத்தை மிளகாய் திரும்ப வாங்கிக்கொள்ளும். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மூடியில் வேர்க்கும், ஆறவிட்டு அடையுங்கள்.

பெயிண்ட், சிலிக்கன், எவர்சில்வர் வலை, சூரியத் தகடு எல்லாம் சேர்த்து 150 வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடிந்தது. பிளாட்டில் இருக்கும் சிலர், சின்னதாகக் கட்டி ஜன்னலுக்கு வெளியே மாட்டலாமா என்று கேட்டார்கள். கண்ணாடி போட்ட எதையும் மாடியிலிருந்து வெளியே தொங்கவிடாதீர்கள், கீழே ஆள் நடமாட்டம் இருக்கிறது. பால்கனிக்கு உள்ளே தரையில், காலை வெயில் விழும் இடத்தில், நாலு வரிசைப் பெட்டி வைக்கலாம். பத்துக் கொத்து கறிவேப்பிலைக்கும் ஒரு தட்டு மோர் மிளகாய்க்கும் அது தாராளம்.