சரியாகச் சொன்னவரை நீக்கியது

"இன்னமும் இதைத்தான் நடத்திக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், உங்களிடம் படிக்கிற பிள்ளைகளை நினைத்துக் கவலையாக இருக்கிறது."

ஐந்து பத்தி கொண்ட ஒரு பதிலின் கடைசி வரி இது. முதல் நான்கு பத்திகளில் ஒரு குறையும் சொல்ல முடியாது. உளவியல் ஆசிரியர்களின் இணையக் குழுவில், புதிதாகப் பாடமெடுக்கத் தொடங்கிய ஓர் ஆசிரியை எளிமையாகக் கேட்டிருந்தார்: ஸ்டான்ஃபோர்ட் சிறைச் சோதனையை 45 நிமிட வகுப்பில் எப்படி நடத்துவது, மாணவர்களைக் காவலர், கைதி என்று பிரித்து நடிக்கவைக்கலாமா? வந்த பதில் விஷயம் தெரிந்தவர் எழுதியது. கல்லூரி மாணவர்களைக் காவலர், கைதி என்று பிரித்து ஒரு போலிச் சிறையில் வைத்து, 1971 ஆகஸ்டில் இரண்டு வாரத்துக்கென்று தொடங்கி 6 நாளில் நிறுத்தப்பட்ட சோதனை அது. காவலர்கள் தாமாகவே கொடுமைக்காரர்களாக மாறிவிட்டார்கள் என்பது முழு உண்மையல்ல. கைதிகளிடம் எப்படிப்பட்ட மனநிலையை உண்டாக்கலாம் என்று, சோதனையை நடத்திய ஜிம்பார்டோ முதலிலேயே காவலர்களிடம் பேசியிருந்தார். சிறை வார்டனாக நடித்த மாணவர், தயங்கிய காவலர் ஒருவரை இன்னும் கடுமையாக இருக்கும்படி தூண்டினார். ஆவணங்களையும் ஒலிப்பதிவுகளையும் அலசி தீபோ லு தெக்சியே 2019இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை, உளவியலாளர்கள் ஹாஸ்லமும் ரைக்கரும் பிபிசியோடு சேர்ந்து நடத்திய இதேபோன்ற சோதனையில் காவலர்கள் ஒன்றுசேர முடியாமல் கைதிகளிடம் தோற்ற கதை, எல்லாம் அந்தப் பதிலில் இருந்தன. நான்காவது பத்தி வகுப்புக்கானது: நடிக்கவைக்காதீர்கள், காவலர்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரையின் எழுத்துவடிவத்தைக் கொடுத்து, எந்த வாக்கியத்தில் உத்தரவு ஒளிந்திருக்கிறது என்று மாணவர்களை அடிக்கோடிடச் சொல்லுங்கள். அந்தப் பாடத்தை நடத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அதன்பிறகுதான் அந்தக் கடைசி வரி.

பதில் அன்று மாலையே எடுக்கப்பட்டது. எழுதியவர் மூன்று வாரம் கழித்துக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். நீக்கியது தவறென்று இன்றும் சொல்லமாட்டேன். சரிதான் என்று அடித்துச் சொல்லவும் வாய் வரவில்லை.

இப்படி ஒரு பதில் வரும்போது, குழுவில் வரும் பதிவுகளைக் கண்காணிக்கும் மட்டுறுத்துநருக்கு மூன்று வழிகள் உண்டு. அப்படியே விடலாம். வேண்டாத வரியைத் தாமே வெட்டிவிட்டு மற்றதை வைக்கலாம். முழுவதையும் எடுத்து எழுதியவருக்கே திருப்பி அனுப்பலாம். இரண்டாவது வழிதான் கையை இழுக்கும். அதைச் செய்யவே கூடாது. ஒருவர் எழுத்தில் ஒருமுறை கைவைத்துவிட்டால், மிச்சமிருக்கும் சொற்களுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி வந்துவிடும். அடுத்த மாதம் வெட்டப்படாமல் வரும் ஒவ்வொரு கடுஞ்சொல்லும் மட்டுறுத்துநர் பார்த்து ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே மூன்றாவது வழி. அதில் ஒரு பெரிய பிசகு நேர்ந்தது: நகல் எடுத்துவைக்காமல் நீக்கப்பட்டது.

இந்தப் பதிலைப் பற்றித் தனிச்செய்தியில் நடந்த பேச்சு இவ்வளவுதான்.

"கடைசி வரி கேள்வி கேட்டவரைத் தாழ்த்துகிறது. அதை எடுத்துவிட்டு அனுப்புங்கள், மற்றது அப்படியே போகும்."

"சார், நான் எழுதியதில் ஒரு தகவல் பிழை காட்டுங்கள். நானே எடுத்துவிடுகிறேன்."

"தகவலில் பிழை இல்லை. தொனியைத்தான் சொல்கிறோம்."

"அப்படியென்றால் தப்பான பாடத்தை மரியாதையாக நடத்துகிறவர் இங்கே இருக்கலாம். சரியானதைக் கோபமாகச் சொல்கிறவர் இருக்கக்கூடாது. அப்படித்தானே சார்?"

இதற்குப் பதில் போகவில்லை.

திரும்பத் திரும்பப் படித்தால் வழுக்கிய இடம் தெரிகிறது. முதல் செய்தி ஒழுங்காக இருந்தது: எந்த வரி, அதனால் யாருக்கு என்ன, என்ன செய்ய வேண்டும். ஒரு தேதி மட்டும் விட்டுப்போனது. "வெள்ளிக்கிழமைக்குள் திருத்தி அனுப்பினால் சேர்த்துவிடுகிறோம்" என்று இருந்திருந்தால் அவருக்குச் செய்வதற்கு ஒரு வேலை இருந்திருக்கும். தேதி இல்லாத செய்தியோடு வாதாடத்தான் முடியும். இரண்டாவது செய்தியில் வந்த "தொனி" என்ற சொல்தான் கெடுத்தது. வரியைச் சுட்டினால் பேச்சு அந்த வரியோடு நிற்கும். தொனி என்றதும் ஆளைப் பற்றியதாகிவிடும், அதற்கு அளவுகோலும் கிடையாது. மட்டுறுத்துநர் குறிப்புகளிலிருந்து அந்தச் சொல்லையே எடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். "இந்த வாக்கியம்" என்று மேற்கோள் காட்ட முடியாத எதையும் குற்றமாகச் சொல்லக்கூடாது.

அந்த ஒரு வரிக்காக மட்டும் அவர் நீக்கப்படவில்லை. அந்த மாதத்தில் 9 கேள்விகளுக்கு 14 பதில்கள் எழுதியிருந்தார். 6 பதில்கள் இப்படி ஒரு கொட்டோடு முடிந்தன. எத்தனை பதில் எழுதினார் என்பது பெரிய விஷயமல்ல, நிறைய எழுதுகிறவர்களால்தான் எந்தக் குழுவும் நடக்கிறது. பார்க்கவேண்டிய கணக்கு வேறு: அவர் பதிலுக்குப் பிறகு கேள்வி கேட்டவர் மறுபடி வாய் திறந்தாரா? 9 கேள்விகளில் 7 கேள்விகள் அவரோடு முடிந்துபோயிருந்தன. நன்றியும் இல்லை, மறுகேள்வியும் இல்லை. நீக்கும் முடிவுக்கு முதன்மையான ஆதாரமாக இருந்தது இந்த எண்தான். ஆனால் இதே எண்ணை வேறுமாதிரியும் வாசிக்கலாம். பதில் முழுமையாக இருந்தால் மேற்கொண்டு கேட்க என்ன இருக்கிறது? வாய் அடைபட்டதா, சந்தேகம் தீர்ந்ததா என்று அமைதியைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆராய்ச்சி முறையியல் நடத்துகிறவர்கள் முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது.

இந்தத் துறையில் இடைஞ்சல் செய்கிறவர் பெரும்பாலும் சரியான தகவலோடுதான் வருகிறார் என்பதையும் சொல்லவேண்டும். 2015இல் வெளியான பெரிய மறுபரிசோதனை முயற்சியில் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் கிட்டத்தட்ட எல்லாமே புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க முடிவைக் காட்டியிருந்தன, மறுபரிசோதனையில் 36 சதவீதம்தான் காட்டின. 1964இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண்ணின் கொலையை 38 பேர் வேடிக்கை பார்த்தார்கள் என்று பாடநூல்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்தன. கிடைக்கும் சான்றுகள் அந்தக் கதையைத் தாங்கவில்லை என்று 2007இல் மானிங், லெவின், காலின்ஸ் மூவரும் காட்டினார்கள். இருபது ஆண்டுகள் நம்பி நடத்திய ஒருவரிடம் "அது அப்படி இல்லை" என்று எவ்வளவு மென்மையாகச் சொன்னாலும் சுடும். அப்போது சுட்டது எது, சொன்ன தகவலா, சொன்ன விதமா என்று பிரிக்க மட்டுறுத்துநரால் எப்போதும் முடிவதில்லை. அவரைப் பற்றி வந்த புகார்களில் ஓரிரண்டு முதல் வகை என்பதே என் சந்தேகம்.

"கண்டுகொள்ளாமல் விடுங்கள், தானாக அடங்கிவிடுவார்" என்று குழுவில் பலர் சொன்னார்கள். இது பலிக்காது, ஏன் பலிக்காது என்பதும் அவர்களே வகுப்பில் நடத்துவதுதான். வலுவூட்டலை, அதாவது ஒரு நடத்தைக்குக் கிடைக்கும் பலனை, நிறுத்தினால் நடத்தை தேயும், உண்மை. முழுவதுமாக நிறுத்த வேண்டும். சில நூறு பேர் உள்ள குழுவில் பத்துத் தடவைக்கு இரண்டு தடவை யாராவது பொறுக்கமாட்டாமல் பதில் எழுதிவிடுவார்கள். அது இடைவிட்ட வலுவூட்டலாகிவிடும். அப்படி வளர்ந்த நடத்தைதான் தேய மறுக்கும். எல்லாரும் ஒழுங்காக வாய்மூடி இருந்தாலும் தேய்வதற்கு முன்னால் ஒரு பாய்ச்சல் வரும். வேகம் கூடும், சொல் தடிக்கும். அந்தப் பாய்ச்சலைப் பார்த்துப் பயந்து இரண்டாம் வாரத்தில் யாரோ பதில் எழுதுவார்கள். அவ்வளவுதான், இன்னும் பெரிய கூச்சலுக்குப் பலன் உண்டு என்று கற்றுக்கொடுத்தாயிற்று.

ஓரளவு பலிப்பது படிப்படியாகப் போவதுதான். முதலில் தனிச்செய்தி, பொதுவில் ஒருபோதும் கண்டிக்கக்கூடாது, பொதுவில் கண்டித்தால் பார்வையாளர் கூட்டம் சேரும், அவரால் பின்வாங்க முடியாமல் போகும். அந்தச் செய்தியை, அவரிடம் அடிபட்ட மட்டுறுத்துநர் எழுதக்கூடாது. எழுதி ஒரு நாள் வைத்திருந்து, இன்னொருவர் படித்த பிறகே அனுப்ப வேண்டும். அடுத்தது இரண்டு வாரம் முன்பார்வை வரிசை: அவர் எழுதுவது நேரே குழுவுக்குப் போகாமல் மட்டுறுத்துநரிடம் வரும். இதை அவரிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும், வரிசையில் எதுவும் 12 மணி நேரத்துக்கு மேல் கிடக்கக்கூடாது. பெரும்பாலும் கெட்டுப்போவது இந்தப் படிதான். வரிசையைப் பார்க்க ஆளில்லாமல், ஒருவர் காலையில் எழுதியது இரண்டு நாள் கழித்து, எல்லாரும் பேசி முடித்த பிறகு வெளியே வரும். சொல்லாமல் வாயைக் கட்டுவது அது. அவர் விஷயத்தில் மூன்று முறை அப்படி நடந்தது. அதற்கடுத்து 30 நாள் இடைநிறுத்தம், திரும்பிவரும் தேதியைக் குறித்து. கடைசியில்தான் நீக்கம். அவருக்கு 30 நாள் கொடுக்கப்படவே இல்லை. வரிசையிலிருந்து நேரே நீக்கத்துக்குப் போனது, ஏனென்றால் அதற்குள் எல்லாருக்கும் அலுத்துவிட்டது. அலுப்பு காரணமாகாது என்று தெரியும். சம்பளமில்லாத வேலையை மாலை நேரத்தில் செய்கிறவர்களுக்கு அலுப்புதான் பெரிய உண்மை என்பதும் தெரியும்.

இன்னொன்று, எனக்கு மிகவும் உறுத்துவது. மட்டுறுத்துநர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதில் "ஆளுமைக் கோளாறு" என்ற சொல் வந்தது. ஒருமுறை அல்ல. 1964 அமெரிக்கத் தேர்தலில் நேரில் பார்த்தே இராத வேட்பாளர் கோல்ட்வாட்டரின் மனநலத்தைப் பற்றி மருத்துவர்கள் பத்திரிகைக்குக் கருத்துச் சொன்னார்கள். அதன் விளைவாக 1973இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம், நேரில் பரிசோதிக்காமல் அப்படிச் சொல்லக்கூடாது என்று நெறி வகுத்தது. கோல்ட்வாட்டர் விதி என்று அதை வகுப்பில் நடத்துகிறோம். நடத்துகிறவர்களே பதினான்கு பதில்களை வைத்துக்கொண்டு ஒருவருக்கு நோய்ப்பெயர் சூட்டினால், பிறகு அவர் என்ன எழுதினாலும் அந்தப் பெயர்தான் கண்ணில் தெரியும். சூழலை விட்டுவிட்டு ஆளின் குணத்தைக் காரணமாக்கும் பிழைக்கு 1977இல் உளவியலாளர் லீ ராஸ் பெயர் கொடுத்தார். அந்தப் பெயர் தெரிந்திருப்பது அந்தப் பிழைக்குத் தடுப்பூசி ஆகிவிடவில்லை. அவருக்கு அந்த மாதம் என்ன நடந்துகொண்டிருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

உளவியலாளர் ஷாக்டர் 1951இல் செய்த சோதனையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. குழுவின் கருத்துக்கு எதிராகவே கடைசிவரை நிற்கும்படி ஒருவரை ஏற்பாடு செய்திருந்தார். முதலில் மற்றவர்கள் பேச்செல்லாம் அவரை நோக்கியே போனது, அவரை மாற்றுவதற்காக. பிணைப்பு மிகுந்த குழுக்களில் ஒரு கட்டத்தில், அவரை ஒதுக்க முடிவெடுத்தவர்கள் அவரோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். இங்கேயும் முதல் இரண்டு வாரம் அவருக்குப் போன செய்திகள் ஏராளம். மூன்றாம் வாரம் ஒன்றும் போகவில்லை. "பதில் போகவில்லை" என்று மேலே எழுதிய வரி அந்த மூன்றாம் வாரத்தின் தொடக்கம்.

எதிர்த்து நிற்பவரால் என்ன லாபம் என்பதற்கும் இந்தத் துறையிலேயே சான்று உண்டு. ஆஷின் கோடு சோதனைகளில், கோட்டின் நீளத்தைப் பற்றி வேண்டுமென்றே தவறான விடை சொல்லும் கூட்டத்துக்கு மாறாகச் சரியான விடை சொல்லும் ஒரே ஒரு துணை இருந்தாலே, மற்றவர் கூட்டத்துக்குப் பணிவது பெருமளவு குறைந்தது. மொஸ்கோவிசி 1969இல் 6 பேர் குழுவில் 2 பேரை நீல நிறத்தைப் பச்சை என்று விடாமல் சொல்லவைத்தார். மற்றவர்கள் 8 சதவீதத்துக்குச் சற்று அதிகமான தடவை பச்சை என்றார்கள். அந்த இருவரும் சிலசமயம் பச்சை, சிலசமயம் நீலம் என்று மாற்றிச் சொன்னபோது அது 1 சதவீதத்தை ஒட்டி விழுந்தது. விடாமல் சொல்வதற்கு வலு உண்டு. ஆனால் அந்தச் சோதனையில் யாரும் எதிரே இருந்தவரிடம் "உன்னிடம் படிக்கிற பிள்ளைகள் பாவம்" என்று சொல்லவில்லை. அவருக்காக வாதாடும்போதெல்லாம் இந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறேன். மாற்றுக்கருத்து அந்த நான்கு பத்திகள். ஐந்தாவது பத்தி மாற்றுக்கருத்து அல்ல. அதைப் பொறுத்துக்கொள்ளும்படி ஒரு புதிய ஆசிரியையிடம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

அவர் நீக்கப்பட்டு ஒரு வாரம் கழித்து அந்த ஆசிரியை தனிச்செய்தி அனுப்பினார். அடிக்கோடிடும் பயிற்சியைப் பற்றி அன்று வந்த பதிலை அரைகுறையாகத்தான் படித்திருந்தாராம். அது வேண்டும், அடுத்த வகுப்பில் செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டார். கடைசி வரியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கொடுக்க நகல் இல்லை. நினைவிலிருந்து எழுதிக் கொடுத்தது பாதிகூட இல்லை.

சரியானதைக் கோபமாகச் சொல்கிறவர் இங்கே இருக்கக்கூடாதா என்று அவர் கேட்ட அந்தக் கடைசிக் கேள்விக்கு இப்போது பதில் எழுதுவதானால் இப்படி எழுதுவேன்: "ஆமாம் சார், தப்பான பாடத்தோடு வருகிறவருக்கு இங்கே இடம் உண்டு. அவர் கேட்கத்தான் வந்திருக்கிறார். உங்கள் நான்கு பத்திகள் அவருக்குத் தேவை. அவற்றை உங்கள் பெயரோடு குழுவின் பாடக்குறிப்புகளில் சேர்க்க விரும்புகிறோம். ஐந்தாவதை எடுத்துவிட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள். மனம் ஒப்பவில்லை என்றால் 30 நாள் இடைவெளி எடுத்துக்கொள்ளுங்கள், தேதி போட்டுத் தருகிறோம். இந்த மாதம் உங்களுக்கு ஏதாவது சிரமம் இருந்தால் அதையும் சொல்லுங்கள்." கடைசி வாக்கியத்தை வைப்பதா எடுப்பதா என்று முடிவாகவில்லை. அக்கறையாகவும் படும், நோய்ப்பெயர் சூட்டுவதன் நாசூக்கான வடிவமாகவும் படும். இதைப் படித்துவிட்டும் அவர் அந்த வரியை எடுத்திருக்கமாட்டார் என்றே தோன்றுகிறது. 30 நாள் கழித்து வந்து இன்னும் காட்டமாக எழுதியிருப்பார். அப்போதும் நீக்கத்தான் வேண்டியிருந்திருக்கும், நான்கு பத்திகளை எடுத்துவைத்துக்கொண்டு.