கறுப்பென்று நினைத்திருந்த சேலை

17 ஜூலை 2025, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. வலது கண்ணில் புரை எடுத்து இன்றோடு ஐந்து வாரம். சொட்டு மருந்து போடுவதும் முடிந்தது. தலைக்குக் குளித்துவிட்டு, கட்டிக்கொள்ள ஏதாவது எடுக்கலாம் என்று பீரோவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் வாங்கிய காட்டன் சேலை ஒன்று. கறுப்பு என்று நினைத்துத்தான் வாங்கினேன், கறுப்பு என்று நினைத்துத்தான் இத்தனை நாள் கட்டினேன். அது கறுப்பே இல்லை. கருநீலம். நாவல் பழத்தைக் கடித்தால் ஓரத்தில் தெரியுமே, அந்த மாதிரி.

ஜன்னல் பக்கம் எடுத்துப் போய் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். இடது கண்ணுக்குக் கறுப்பு, வலது கண்ணுக்கு நீலம். சந்தன நிறம் என்று நான் ஒதுக்கி வைத்திருந்த இன்னொன்று வலது கண்ணுக்கு நல்ல வெள்ளையாகத் தெரிந்தது. வயது ஏற ஏறக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மஞ்சள் பாரித்துப் போகும், அது நீலத்தைத்தான் முதலில் மறைக்கும் என்று ஆஸ்பத்திரியில் விளக்கியிருந்தார்கள். அன்றைக்குத் தலையாட்டினேன். இன்றைக்குத்தான் புரிந்தது.

நீலச் சேலையையே கட்டிக்கொண்டேன். எங்கேயும் போகவில்லை. வீட்டுக்குள்ளேயே நாள் முழுக்க முந்தியை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

19 ஜூலை, சனி

பீரோவில் இருந்த எல்லாவற்றையும் கட்டில்மேல் எடுத்துப் போட்டேன். மொத்தம் 63 சேலைகள். அதில் பாதிக்குமேல் பாலியஸ்டர்.

அதற்குக் காரணம் இருக்கிறது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் 38 வருஷம் வேலை. சேர்ந்த புதிதில் ஆபரேட்டர், நைட் டியூட்டி உண்டு. விடிந்து வீட்டுக்கு வந்து சேலையை அலசிப் போட்டால் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிட வேண்டும், தேய்க்காமலே கட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு நைலக்ஸும் பாலியஸ்டரும்தான் கைகொடுத்தன. மதுரை வெயிலில் முதுகெல்லாம் வேர்த்து ஒட்டும். ஆனாலும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு பஸ் பிடிக்க ஓடுகிறவளுக்கு, கஞ்சி போட்டுத் தேய்த்துக் கட்ட ஏது நேரம்? அந்தச் சேலைகள்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. என்னை ஆபீசுக்கு நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவை அவை.

ஆனால் காட்டன் சேலைமேல் ஆசை அப்போதே இருந்தது. பொங்கலுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று என்று வாங்கி வாங்கி அடுக்கினேன். "ரிட்டயர்ட் ஆனப்புறம் கட்டலாம்." ரிட்டயர்ட் ஆகி எட்டு வருஷம் ஆயிற்று. இன்னும் நாலைந்தில் கடைச் சீட்டு அப்படியே இருக்கிறது.

இன்றைக்கு முடிவு செய்துவிட்டேன். தினம் ஒன்று. விசேஷத்துக்கு என்று எதையும் தனியாக வைக்கப்போவதில்லை.

20 ஜூலை, ஞாயிறு

கஞ்சி.

அம்மா போடுவதைப் பார்த்திருக்கிறேன், நானாகப் போட்டதில்லை. முதல் சேலைக்கு வடிகஞ்சியை அப்படியே ஊற்றிவிட்டேன். காய்ந்த பிறகு அட்டை மாதிரி நின்றது. அரக்குச் சேலை வேறு, உடலெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. மறுபடி தண்ணீரில் அலசி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

இரண்டாவது தடவை சரியாக வந்தது. கஞ்சியைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, ஒரு டம்ளர் கஞ்சிக்கு அரை வாளித் தண்ணீர். கையை விட்டு எடுத்தால் விரல் லேசாக வழுவழுக்க வேண்டும், அவ்வளவுதான். அடர்ந்த நிறம் என்றால் இன்னும் நீர்க்க இருக்க வேண்டும். சேலையை நன்றாக நனைத்து, முறுக்காமல் பிழிந்து, உள்புறம் வெளியே தெரிகிற மாதிரி நிழலில் கொடி கட்டிப் போட்டேன்.

முக்கால்வாசி காய்ந்ததும் இழுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். "என்னங்க, கொஞ்சம் மாடிக்கு வாங்க" என்று கூப்பிட்டேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்தார். அவர் அந்தப் பக்கம் இரண்டு முனை, நான் இந்தப் பக்கம் இரண்டு முனை. முதலில் நேராக இழுத்தோம், அப்புறம் மூலைக்கு மூலை. கரை சுருண்டிருந்த இடத்தில் மட்டும் விரலால் நீவிவிட்டு மறுபடி ஒரு இழுப்பு. சேலை நடுவில் படபடவென்று அடித்தது. பிறகு இருவரும் கிட்ட கிட்ட வந்து மடித்தோம். கல்யாணமாகி 44 வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சேலையை மடித்தது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அவர் கரையை ரொம்ப நேராக வைத்து மடிக்கிறார்.

கஞ்சி போட்ட காட்டனுக்கு ஒரு சத்தம் உண்டு. நடந்தால் கொசுவம் ஒன்றோடொன்று உரசிச் சரசரக்கும். எங்கள் எட்டாம் வகுப்பு டீச்சர் வராந்தாவில் வருவது அந்தச் சத்தத்தில்தான் தெரியும். இன்றைக்கு அந்தச் சத்தம் என்னிடமிருந்தே வந்தது.

22 ஜூலை, செவ்வாய்

காரைக்குடி கண்டாங்கிச் சேலை கட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன். கடுகு மஞ்சளில் கறுப்புக் கட்டம், பட்டையாக அரக்குக் கரை. கண்டாங்கியை அந்தக் காலத்தில் கணுக்காலுக்கு மேலே ஏற்றித்தான் கட்டுவார்களாம். நானும் அப்படியே கட்டினேன். முட்டி வலிக்கு மெத்தென்ற ரப்பர் அடி வைத்த எம்.சி.ஆர். செருப்புதான் போட வேண்டும் என்று ஆன பிறகு, தரையைத் தொடுகிற சேலையில் கால் மாட்டிக்கொள்ளுமோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. இன்றைக்கு அந்தப் பயமில்லை. படி ஏறும்போது சேலையைத் தூக்கிப் பிடிக்கவும் வேண்டியிருக்கவில்லை, இரண்டு கையிலும் பை.

கீரைக்காரம்மா, "இது எங்க வாங்குனீங்க, கெட்டியா இருக்கே" என்று முந்தியைப் பிடித்துப் பார்த்தார். நிறையப் பேசினோம். கீரைக் கட்டை மறந்து வந்துவிட்டேன்.

25 ஜூலை, வெள்ளி

தையல்காரரிடம் போன நாள். சேலை 63 இருந்து என்ன, ஏறுகிற ஜாக்கெட் ஒன்பதுதான்.

மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்துக்குள் தூண்களுக்கு நடுவே மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்த காலத்திலிருந்து பழக்கமானவர். அங்கிருந்த கடைகளையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிய பிறகும் அவரையேதான் தேடிப் போகிறேன். பழைய ஜாக்கெட்டுகளைக் காட்டினேன். உள்தையலில் ஒரு இன்ச் துணி விட்டுத் தைத்திருந்ததால் ஆறு தப்பித்தன, பிரித்துப் போட்டுவிடலாம். விடாமல் தைத்த நாலு போனது போனதுதான். இதற்கு முன்னால் வேறொரு கடையில் கொடுத்தவை அவை.

புதிதாகத் தைப்பதற்குச் சில விஷயங்களை அவரிடம் சொன்னேன். என் வலது தோள்பட்டை முழுக்க மேலே போகாது, அதனால் கைக்குழி சற்று இறக்கமாக இருக்க வேண்டும். கை முழங்கை வரைக்கும் வேண்டும். சின்னக் கொக்கி இப்போது விரலுக்கு அகப்படுவதில்லை, அதனால் பெரிய பிரஸ் பட்டன். உள்பாவாடையில் வலது பக்கம் ஒரு பை, போன் போகிற அளவுக்கு. அவர் சீட்டில் எழுதிக்கொண்டே, "இதையெல்லாம் யாரும் வாய்விட்டுச் சொல்றதில்லைம்மா. அளவு ஜாக்கெட்டக் குடுத்துட்டுப் போயிருவாங்க. அப்புறம் இறுக்குதுன்னு வந்து நிப்பாங்க" என்றார்.

அது உண்மைதான். உடம்பு மாறிவிட்டது என்று தையல்காரரிடம் சொல்ல எதற்கு வெட்கம்? சொன்னால்தானே அவருக்குத் தெரியும். இருபது வருஷத்துக்கு முந்தைய அளவு ஜாக்கெட்டை இன்றைக்கு அங்கேயே குப்பையில் போட்டுவிட்டு வந்தேன்.

28 ஜூலை, திங்கள்

ஆடிப்பூரம். அம்மனுக்கு வளையல் சாத்தும் நாள். கல்யாணக் காஞ்சிபுரம் பட்டைக் கட்டலாம் என்று எடுத்தேன். 1981இல் எடுத்தது. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தால் 840 கிராம். என் சுங்குடிக் காட்டன் சேலை ஒன்றை வைத்தேன், 380. இந்தத் தோளில் 840 கிராம் நிற்காது என்று முதலில் தயங்கினேன். அப்புறம் முந்தியைத் தோளில் மடித்துக் குத்தாமல், ஒற்றையாகத் தழைய விட்டு வலது கையில் தாங்கிக்கொண்டேன். பாரம் பாதிக்குப் பாதி குறைந்த மாதிரி இருந்தது.

அதன் கோர்வைக் கரையை இன்றைக்குத்தான் நிதானமாகப் பார்த்தேன். உடல் மாம்பழ நிறம், கரை பச்சை. ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு வெட்டிய மாதிரி மாறுகிறது. கரைக்குத் தனி நாடா, அதாவது குறுக்கு இழையைக் கொண்டுபோகும் கட்டை, ஓடும். நெய்கிறவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து அதைத் தள்ளித் தர, ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு நிற இழையும் கோத்துக்கொள்ளும். பின்பக்கம் திருப்பி விரலை ஓட்டினால் அந்த இணைப்பு மெல்லிய வரப்பு மாதிரி தட்டுப்படும். சரிகை ஓரிடத்தில் உரிந்து உள்ளே இருக்கும் சிவப்புப் பட்டு நூல் தெரிகிறது. அசல் வெள்ளிச் சரிகைக்கு உள்ளே இப்படித்தான் இருக்கும் என்பார்கள்.

கோயிலில் பார்த்த சொந்தக்காரப் பெண் ஒருத்தி, "பெரியம்மா, இந்த வயசுல இவ்வளவு பளிச்சுன்னா?" என்றாள். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே அவளுக்கு ஆச்சரியம். "இந்த வயசுலதாண்டி எனக்கு இதை நின்னு பாக்க நேரம் கிடைச்சிருக்கு" என்றேன். முந்தியை அவள் கையில் கொடுத்துக் கோர்வையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். பிரகாரம் சுற்றி முடிக்கும் வரைக்கும் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

31 ஜூலை, வியாழன்

அக்கா வந்திருக்கிறாள், திண்டுக்கல்லிலிருந்து. பத்து நாள் இருப்பாள். 74 வயது. அத்தான் போனதிலிருந்து சாம்பல், வெளிர் ஊதா, பிஸ்கட் நிறம் என்றே கட்டுகிறாள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அவளும் யாரையும் கேட்கவில்லை. அப்படியே ஆகிவிட்டது. நானும் இதுவரைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருக்க வேண்டும்.

4 ஆகஸ்ட், திங்கள்

நேற்றுப் பதினெட்டாம் பெருக்கு, கடைவீதியில் கால் வைக்க முடியாது. அதனால் இன்று காலையிலேயே விளக்குத்தூண் பக்கம் போனோம், நான் ஒரு சுங்குடி எடுக்க, அக்கா துணைக்கு.

முதலில் காட்டியதெல்லாம் அச்சுப் போட்டவை. புள்ளி எல்லாம் ஒரே அளவு, ஒரே வட்டம். "முடிச்சுப் போட்டது இருக்கா?" என்று கேட்ட பிறகு உள்ளேயிருந்து நாலு எடுத்து வந்தார்கள். சௌராஷ்டிரப் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து கையால் முடிச்சுப் போடுகிற சேலை. துணியில் துளி இடத்தை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலை இறுக்கிச் சுற்றி முடிச்சிட்டு, சாயத்தில் முக்குவார்கள். நூல் சுற்றிய இடத்தில் சாயம் ஏறாது, அதுதான் புள்ளி. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் கேட்டு வாங்குகிறவர்கள் இருந்தால்தானே முடிச்சுப் போடுகிறவர்களுக்கு வேலை.

அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. எதைக் காட்டினாலும் "எல்லாம் ஒரே மங்கலா இருக்குடி" என்று சொல்லிக்கொண்டிருந்தவள், முடிச்சுச் சேலையைப் பிரித்ததும் கையை வைத்தாள். புதுச் சுங்குடியில் முடிச்சை அவிழ்த்த இடமெல்லாம் சின்னச் சின்னதாகக் கூம்பி நிற்கும். அவள் விரல் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போயிற்று. "பாட்டி சேலை இப்படித்தாண்டி இருக்கும். மடியில படுத்தா கன்னத்துல பதியும்" என்றாள்.

"என்ன கலர் இது?"

"நல்ல செவப்பு. குங்குமம் இல்ல, மிளகாப்பழம்."

கையை எடுக்கவில்லை. நான் கடைக்காரரிடம் இரண்டு எடுத்துவைக்கச் சொன்னேன். எனக்குக் கத்தரிப்பூ நிறம். அக்கா வேண்டாம் என்று சொல்வாள் என்று காத்திருந்தேன், சொல்லவில்லை.

7 ஆகஸ்ட், வியாழன்

இன்று தேசியக் கைத்தறி நாள். 1905இல் சுதேசி இயக்கம் தொடங்கிய தேதி என்பதால் 2015லிருந்து கொண்டாடுகிறார்கள். எங்கள் வீட்டு மாடியில் இரண்டு சுங்குடி காய்ந்தன.

முதல் அலசலுக்கு ஒரு கைப்பிடி கல்லுப்பு போட்ட தண்ணீர், இரண்டுக்கும் தனித்தனி வாளி. சிவப்புச் சேலையின் சாயம் கொஞ்சம் போயிற்று, வாளித் தண்ணீர் ரோஜா நிறம். நீர்க்கக் கஞ்சி போட்டு, சாயங்காலம் அக்காவும் நானும் மாடியில் இழுத்தோம். ரொம்ப இழுத்தால் முடிச்சுக் கூம்பு போய்விடும் என்று அவள்தான் சொன்னாள். "மெதுவாடி, மெதுவா" என்று அந்த முனையிலிருந்து குரல்.

மடிக்கும்போது சேலையை முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். வெளிச்சத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மறுபடி கேட்டாள்.

"உனக்கு இது எப்படித் தெரியுது?"

"எந்தக் கண்ணுக்கு? வலது கண்ணுக்குப் பழுத்த மிளகாய். இடது கண்ணுக்குச் செங்கல் தூள்."

"எனக்கு உன் இடது கண்ணு மாதிரிதான் தெரியுது." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். கண்ணைக் காட்டச் சொல்லி அவள் மகன் மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். "இடது கண்ணுக்கு நீ எப்பப் போற?"

"பதினெட்டாம் தேதி, திங்கக்கிழமை."

"அப்ப நான் அதுவரைக்கும் இருக்கேன். என்னையும் கூட்டிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு, சேலையைக் கரை பார்த்து மடித்தாள். ஜாக்கெட் துணி எடுக்கவில்லையே என்று அவளுக்கு இப்போதே கவலை. நாளைக்குத் தையல்காரரிடம் போகிறோம்.