திரையை அடைத்துக்கொண்ட பட்டைகள்

இணையப் பக்கங்களைத் திறக்கும் உலாவியின் மேல்பகுதியில் பட்டையாக ஒட்டிக்கொள்ளும் டூல்பார் வேண்டும் என்று கேட்டுப் பூட்டிக்கொண்டவர்கள் குறைவு. வேறெதையோ நிறுவும்போது 'நெக்ஸ்ட்', 'நெக்ஸ்ட்' என்று அழுத்திக்கொண்டே போனதில் கூடவே வந்து குடியேறியவைதான் பெரும்பாலானவை. ஏற்கெனவே 'சரி' போட்டு வைத்திருந்த அந்தச் சின்னப் பெட்டியை யார் கவனிக்கப் போகிறார்கள்?

தலவாக்கலையில் போட்டோகொப்பி, ஒன்லைன் விண்ணப்பம், பரீட்சைப் பெறுபேறு என்று ஓடும் சின்னக் கடை என்னுடையது. அண்மையில், தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் தன் விண்டோஸ் 7 மடிக்கணினியைக் கொண்டுவந்தார். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைத் திறந்தால் தேடல் பட்டை ஒன்று, அதன் கீழ் வானிலைப் பட்டை, அதற்கும் கீழ் சிரிக்கும் முகங்கள் வரிசையாக. மிச்சமிருந்த இடத்தில் ஓய்வூதியச் சுற்றறிக்கையின் நாலு வரிதான் தெரிந்தது.

"இதையெல்லாம் எடுத்தால் நெட் வேலை செய்யுமா பிள்ளை?" என்றார்.

"இப்போதுதான் ஐயா வேலை செய்யவில்லை" என்றேன்.

அந்தக் காலத்தில் டூல்பாருக்கும் ஒரு நியாயம் இருந்தது. 2000 டிசெம்பரில் கூகுள் டூல்பார் வந்தபோது, எந்தப் பக்கத்தில் இருந்தாலும் அங்கிருந்தே கூகுளில் தேடலாம் என்பது பெரிய வசதி. குதித்து வரும் விளம்பர ஜன்னல்களைத் தடுக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2004இல், விண்டோஸ் எக்ஸ்பிக்கான சேர்விஸ் பேக் 2 என்ற மேம்படுத்தலில்தான் தந்தது; அதற்கு முன் அதற்கும் டூல்பார்தான் கைகொடுத்தது. இன்று தடுப்பு, எழுத்துப்பிழை, படிவம் நிரப்பல், மொழிபெயர்ப்பு எல்லாம் உலாவிக்குள்ளேயே இருக்கின்றன. கூகுளே தன் டூல்பாரை 2021இல் மூடிவிட்டது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூனில் ஓய்வுக்கு அனுப்பியது.

கழற்றுவது கடினமில்லை. கன்ட்ரோல் பேனலில் நிறுவிய திகதிப்படி அடுக்கிப் பார்த்தால் ஒரே நாளில் கும்பலாக வந்தவை தெரிந்துவிடும். ஆனால் அத்தோடு பலர் விட்டுவிடுகிறார்கள். முகப்புப் பக்கமும் தேடுபொறியும் டூல்பார் மாற்றிவைத்தபடியே நிற்கும். அவற்றையும் மாற்றிய பிறகும் அதே விளம்பரப் பக்கம் திறந்தால், டெஸ்க்டொப்பில் உள்ள உலாவிக் குறுக்குவழியை வலது சொடுக்கி 'புரொப்பர்ட்டீஸ்' பாருங்கள். 'டார்கெட்' வரியில் '.எக்ஸ்இ' என்பதற்குப் பின்னால் ஓர் இணைய முகவரி வாலாக ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஐயாவின் கணினியிலும் இருந்தது. அந்த வாலை வெட்டியதும் அடங்கியது. இப்படி ஒளிந்திருப்பதைத் தேடிப்பிடிக்க அட்வ்கிளீனர் என்ற இலவச மென்பொருளும் உண்டு.

விண்டோஸ் 7இல் குரோம் 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது என்பதால் அவருக்கு ஃபயர்பாக்ஸின் 115 நீண்டகாலப் பதிப்பைப் போட்டேன். அதுவும் தற்காலிகம்தான், கணினியை மாற்றச் சொல்லியிருக்கிறேன். வைத்துக்கொள்ளத் தகுந்த ஒரே பட்டை புக்மார்க் பட்டை. கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும், போகும். ஓய்வூதியத் திணைக்களம், வங்கி, வளிமண்டலவியல் திணைக்களம் மூன்றையும் அதில் போட்டு, பெயர்களை அழித்து, சின்னங்களை மட்டும் விட்டேன். வானிலைப் பட்டை போனதில் அவருக்கு இருந்த மனக்குறை அதோடு தீர்ந்தது.

டூல்பார் போனாலும் அதன் புத்தி போகவில்லை. இப்போது அது எக்ஸ்டென்ஷனாக, அதாவது உலாவியோடு சேர்க்கும் சின்ன மென்பொருளாக வருகிறது. 'எல்லா இணையத்தளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்' அனுமதி கேட்டால், வங்கிப் பக்கமும் அதில் அடக்கம் என்று வாசியுங்கள். விளம்பரத் தடுப்பானுக்கு அந்த அனுமதி தேவை. நிறம் மாற்றித் தரும் ஒன்றுக்கு எதற்கு? என் கடைக் கணினிகளில் யூபிளாக் ஒரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைத் தவிர வேறெந்த எக்ஸ்டென்ஷனுக்கும் இடமில்லை.

அடுத்த தொல்லை 'அறிவிப்புகளை அனுமதிக்கவா' என்ற கேள்வி. பெறுபேறு பார்க்க வரும் பிள்ளைகள் அவசரத்தில் 'ஆம்' என்று அழுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள், பிறகு நாள் முழுக்கத் திரையின் மூலையில் பரிசு விழுந்தபடியே இருக்கிறது. அமைப்புகளில் அறிவிப்புப் பகுதிக்குப் போய், தளங்கள் கேட்பதையே நிறுத்திவிடலாம். நான் நிறுத்திவிட்டேன்.