பறவை மங்கல், பின்னணி பளிச்

எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அதுவரை மூன்றே விஷயங்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன. தண்ணீர் வரவில்லை, லிஃப்ட் ஓடவில்லை, என் வண்டிக்குக் குறுக்கே வண்டியை நிறுத்தியது யார். நான்காவதாகப் பறவைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்த பாவம் என்னுடையது.

லென்ஸ் வாங்கிய புதிது. 400 மில்லிமீட்டர். என் கேமராவில் சென்சார் சிறியது என்பதால் 1.5-ஆல் பெருக்கி 600 என்று கணக்குச் சொல்லிக்கொள்ளலாம். கேட்டவர்களிடமும் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன். வீட்டில் மட்டும் எடுபடவில்லை.

"ஏங்க, காக்காதான் ஜன்னல்லயே வந்து உட்காருதே, அதுக்கு எதுக்கு அறுநூறு?"

இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

பறவை எடுக்கிறவர்கள் வெளியே காட்டுவது ஒரு படம். வெளியே காட்டாதது எண்ணூறு. என் கேமரா வினாடிக்குப் பத்துப் படம் எடுக்கும். காலையில் மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் நின்றால் கார்டு நிரம்பிவிடும். கீழே வந்து பார்த்தால் பாதி வெறுங்கிளை. மீதியில் பாதி வால். உட்கார்ந்திருக்கிற பறவைக்கு ஷட்டர் வேகம் 1/500 வினாடி போதும், பறக்கிறதற்கு 1/2000 வேண்டும் என்று படித்துவிட்டுப் போயிருந்தேன். தேன்சிட்டு உட்கார்ந்த இடத்திலேயே பறக்கிற ரகம் என்பதை எங்கும் படிக்கவில்லை. "இதோ பார், இந்தக் கிளையிலதான் இருந்தது" என்று வெறுங்கிளையைக் காட்டி மனைவியிடம் விளக்கிய நாட்கள் உண்டு. அவளும் நல்ல கிளை என்றாள்.

குழுவில் நான் போட்ட முதல் படம் பெண் குயில். பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள், சிவந்த கண். எனக்குப் பெருமை தாங்கவில்லை. போட்ட இரண்டாவது நிமிஷம், "குயில் கறுப்பு சார்" என்று ஒருவர். "இது வேற ஏதோ காட்டுப் பறவை" என்று இன்னொருவர். கறுப்பாக இருப்பது ஆண், கூவுவதும் ஆண்தான், பெண் பாடாது, கிக் கிக் என்று கத்தத்தான் செய்யும் என்று பொறுமையாக எழுதினேன். கீழ்வீட்டுப் பாட்டி குரல் செய்தியே அனுப்பிவிட்டார். "அப்போ இத்தனை வருஷமா கூவுனதெல்லாம் ஆம்பளையாப்பா? பாட்டெழுதினவங்க ஒருத்தராவது மரத்தை நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டாங்களா?"

குயில் கூடு கட்டாது, காக்கைக் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், குஞ்சை வளர்ப்பது காக்கை என்றும் சேர்த்து எழுதியிருந்தேன். அதைச் செயலாளர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மறுநாள் என் படத்துக்குக் கீழேயே அவருடைய அறிவிப்பு வந்தது: "குயில் மாதிரி இருக்க வேண்டாம். பராமரிப்புத் தொகை பாக்கி உள்ளவர்கள் உடனே செலுத்தவும்." நான்கு வீடுகள் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

ஆனாலும் ஆள் சேர்ந்தது. காக்கையைவிடச் சின்னதெல்லாம் குருவி, பெரியதெல்லாம் கழுகு என்றிருந்த ஊருக்குள் வைரி, கரிச்சான், பஞ்சுருட்டான் என்று பெயர்கள் புழங்க ஆரம்பித்தன. வைரி சின்னப் பறவைகளை அடித்துத் தின்னும் வேட்டைப் பறவை. ஒரு நாள் நான் வைரி என்று போட்ட படத்துக்குத் தரைத்தளத்து ஒன்பதாம் வகுப்புப் பையன் பதில் போட்டான். "அங்கிள், அலகைப் பாருங்க, வைரிக்குக் கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கும். இதுக்குக் கண்ணைச் சுத்தி மஞ்சள் வளையம் வேற இருக்கு. இது அக்காக்குயில்." அவன் சொன்னது சரி. அந்தக் குயிலைப் பார்த்தால் வைரி மாதிரியேதான் இருக்கும். மற்ற சின்னப் பறவைகளே பயந்து கத்துகின்றன, நான் ஏமாறக் கூடாதா? "நானும் அதைத்தான் சொல்ல வந்தேன் தம்பி" என்று எழுதி வைத்தேன்.

அப்புறம் தகவல் சொல்பவர்கள் பெருகினார்கள். காலை ஐந்தே முக்காலுக்குத் தொலைபேசி அடிக்கும். "சார், ஏசி பெட்டி மேல வித்தியாசமா ஒண்ணு. கழுத்துல பச்சையும் ஊதாவுமா மின்னுது. சீக்கிரம் வாங்க." மூன்று மாடி ஏறிப் போய்ப் பார்த்தால் மாடப்புறா. மாடப்புறாவின் கழுத்து அத்தனை அழகு என்பதை நானே அன்றுதான் கவனித்தேன். ஆனால் அது ஐந்தே முக்காலுக்குத் தெரிய வேண்டியதில்லை.

ஒரு தப்பும் செய்தேன். இரண்டாம் மாடியில் ஒரு அம்மா வீட்டுப் பால்கனியில், துணிக்கொடிக் கம்பியில் ஊதாத் தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. நாரும் சருகும் சிலந்தி வலையும் வைத்துப் பின்னிய தொங்கு பை, பக்கவாட்டில் ஒரு வாசல், வாசலுக்கு மேலே சின்னத் தாழ்வாரம் மாதிரி ஒரு நீட்டல். ஆர்வத்தில் படத்தோடு வீட்டு எண்ணையும் போட்டுத் தொலைத்தேன். சாயங்காலம் அந்தம்மா வீட்டுக் கூடத்தில் பதினான்கு பேர், அதில் மூன்று பேர் ஃபிளாஷோடு. தாய்ச் சிட்டு எதிர்க் கம்பியில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருந்தது, கூட்டுக்குள் போகவில்லை. நான்தான் எல்லோரையும் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டேன். இருட்டுவதற்குள் அது திரும்பிவிட்டது என்று அந்தம்மா சொன்ன பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது. உலகம் முழுக்கப் பறவைக் கணக்கு எழுதும் ஈபேர்ட் தளத்திலேயே ஆபத்தில் உள்ள சில பறவைகள் இருக்கும் இடத்தை மறைத்துத்தான் வைக்கிறார்கள். நான் கதவு எண்ணோடு விலாசம் கொடுத்திருக்கிறேன். அன்றிலிருந்து கூட்டுப் படம் போடுவதில்லை.

சரி, ஆந்தைக்கு வருகிறேன்.

ஒரு மாலை பி பிளாக் தண்ணீர்த் தொட்டிக் குழாய் மேல் ஒரு புள்ளி ஆந்தை வந்து உட்கார்ந்தது. கைக்குள் அடங்குகிற அளவுதான். உருட்டு மஞ்சள் கண்களால் என்னைப் பார்த்துவிட்டுத் தலையை மேலும் கீழும் ஆட்டியது. ஏ பிளாக் மாடியிலிருந்து நாற்பது படம் தட்டினேன். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. அவசரத்தில் ஒன்றைக் கைப்பேசிக்கு மாற்றி, "இன்று மாலை 6.10. பி பிளாக் தொட்டி மேல். கண்ணைப் பாருங்கள்!" என்று குழுவில் போட்டுவிட்டேன். கேமராவின் சின்னத் திரையில் எல்லாப் படமும் பளிச்சென்றுதான் தெரியும். பறவை எடுப்பவர்கள் எல்லோரும் இந்தத் திரையை நம்பித்தான் கெட்டுப்போகிறார்கள்.

குழுவில் இருந்தவர்கள் கண்ணைப் பார்ப்பதற்காகப் படத்தைப் பெரிதாக்கினார்கள். ஆந்தை இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு பஞ்சுப் பொதி. அதற்குப் பின்னால், படிக்கட்டு அறையின் வெள்ளைச் சுவரில் சாய்ந்தபடி, சட்டையைக் கட்டம் கட்டமாக எண்ணிவிடலாம் என்கிற தெளிவில், பி பிளாக் மூன்றாம் மாடிக்காரர். கண்கள் பாதி மூடியிருந்தன. விரலிடுக்கில் சிகரெட். அதன் நுனிச் சாம்பல்கூட விழாமல் நின்றது.

மூன்று மாதத்துக்கு முன்னால்தான் அவர் சிகரெட்டை விட்டுவிட்டதாக இதே குழுவில் அறிவித்திருந்தார். எல்லோரும் கை தட்டியிருந்தோம். நானும்தான்.

காரணம் பிற்பாடு புரிந்தது. ஆட்டோஃபோகஸ் ஒற்றைப் புள்ளியில் இல்லை, அகல வட்டத்தில் வைத்திருந்தேன். மங்கல் வெளிச்சத்தில் பழுப்புக் குழாய் மேல் பழுப்பு ஆந்தை. பின்னால் வெள்ளைச் சுவரில் கட்டம் போட்ட சட்டை. எது எடுப்பாக இருக்கிறதோ கேமரா அதைத்தான் பிடிக்கும். அதன் மேல் தப்பில்லை.

முதல் பதில் பாட்டியுடையது. "ஆந்தை எங்கேப்பா?"

இரண்டாவது, மூன்றாம் மாடிக்காரரின் மனைவி. "ரொம்பத் தெளிவா இருக்கு சார். நன்றி."

அதற்கப்புறம் குழுவில் ஒரு சத்தம் இல்லை. நான்காவது நிமிஷம் அழித்தேன். அழித்தது இன்னும் மோசம். அதுவரை பார்க்காதவர்கள் எல்லாம் என்ன படம், என்ன படம் என்று கேட்க ஆரம்பித்தார்கள். சேமித்து வைத்திருந்த புண்ணியவான்கள் தனித்தனியாக அனுப்பிக் கொடுத்தார்கள்.

மறுநாள் லிஃப்டில் அவரும் நானும் மட்டும். அன்று பார்த்து லிஃப்ட் ஒழுங்காக, மெதுவாக ஓடியது. இரண்டு பேரும் மாடி எண்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாவது மாடி தாண்டும்போது அவர் சொன்னார்:

"நல்ல லென்ஸ் சார்."

"அறுநூறு" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவர் சிரித்துவிட்டார். எனக்கு உயிர் வந்தது. அந்த வாரமே அவர் மனைவி என்னைக் கூப்பிட்டு, "சும்மா இருந்தாத்தான் சார் அந்த ஞாபகம் வருது. நீங்க போகும்போது இவரையும் கூட்டிட்டுப் போங்க" என்றார். மறுக்கிற நிலையில் நானா இருந்தேன்? என் பழைய பைனாகுலரைக் கொடுத்து அழைத்துப்போனேன்.

மனுஷர் கெட்டிக்காரர். என்னைவிடக் காது கூர்மை. கரிச்சான் வைரியின் குரலில் கத்தி ஏமாற்றுவதை முதலில் கண்டுபிடித்தது அவர்தான். பிப்ரவரியில் நான்கு நாள் உலகம் முழுக்கப் பறவை எண்ணுவார்களே, அதற்கும் பெயர் கொடுத்தார். 1998-இல் தொடங்கிய கணக்கெடுப்பு அது. ஒரு இடத்தில் பதினைந்து நிமிஷம் நின்று எண்ணி அனுப்பினால் போதும். அவர் ஒரு நாளைக்கு ஐந்து முறை மாடிக்குப் போய் எண்ணினார். ஒவ்வொரு முறையும் சரியாகப் பதினைந்து நிமிஷம். கணக்கெடுப்பு முடிந்த பிறகும் எண்ணிக்கொண்டிருந்தார். "எல்லாம் உங்களாலதான் சார்" என்று அவர் மனைவி படியில் பார்க்கும்போதெல்லாம் சொன்னார்.

போன வாரம் அவரே கைப்பேசியில் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பினார். "கொண்டலாத்தி! நம்ம கைப்பிடிச் சுவர் மேலயே! நீங்களே நல்லா பண்ணிக் குழுவுல போட்டுடுங்க."

திறந்து பார்த்தேன். கொண்டலாத்தி மங்கல். விரித்த கொண்டை, நீண்ட அலகு, கறுப்பு வெள்ளைப் பட்டை எல்லாம் ஊகத்தில்தான் தெரிந்தன. அதன் வாலுக்குப் பின்னால், சுவரின் வலது ஓரத்தில், லேபிளில் உள்ள எழுத்தைப் படிக்கிற தெளிவில் ஒரு தீப்பெட்டி.

ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வலது ஓரத்தை வெட்டிவிட்டுக் குழுவில் போட்டேன். "அருமை!" என்று முதலில் எழுதியது அவர் மனைவிதான். அடுத்து கை தட்டல்கள், பூங்கொத்துகள். எல்லாம் அடங்கி நான் கைப்பேசியைக் கீழே வைக்கப் போகும்போது தரைத்தளத்துப் பையனிடமிருந்து ஒரு செய்தி.

"அங்கிள், வால் எங்கே?"